அவிழ்க்க வேண்டியவை

பிரதேச செயலகம் தந்த தாளில் பதினொரு விடயம்.
ஒலிபெருக்கிக்குள் வாயை வைத்து
புலிபாய்ந்தகல் முழுக்க வாசித்துப் போகிறேன்.
அடையாள அட்டை, காணிப் பேமிட், பிள்ளையின் தடுப்பூசிக் காட்,
எல்லாம் பொலித்தீன் பையில் இட்டு வாயைக் கட்டுங்கள்.
கூரைத் தகரத்தில் மண்மூட்டை ஏற்றிக் கட்டுங்கள்.
தோணி உள்ளவர் மருதமரத்தோடு சேர்த்துக் கட்டுங்கள்.
கிணற்றை மூடிக் கட்டுங்கள்.
கட்டுங்கள், கட்டுங்கள்.
என் குரல் எனக்கே கரகரக்கிறது.

மோட்டார் சைக்கிளின் இரண்டு பக்கமும்
வெறும் பால்கேன் அடித்துக்கொள்கிறது.
இன்று பால் எடுக்கவில்லை.
கிரான் பாலத்து அளவுக்கம்பில்
மஞ்சள் கோட்டை விடியவே தண்ணீர் நக்கிற்று.
மத்தியானம் உறுகாமத்தில் வான்கதவு திறப்பார்களாம்.
நாலு மணிக்கு முன் அக்கரை போகாதவர்
மறுகா படகுக்குத்தான் காத்திருக்க வேணும்.

தாளில் இல்லாத பன்னிரண்டாவதை
நானாகச் சேர்த்துக்கொண்டேன்:
மாட்டை அவிழ்த்து விடுங்க.
கன்றையும்.

போன மாரிக்கு முந்தின மாரி
வினாசித்தம்பியர் கன்றை வேலிக்கட்டையில் கட்டினார்,
தொலைந்து போகாமலிருக்க.
நீல நைலோன் கயிறு.
அது தொலையவில்லை.
ஐந்தாம் நாள் தண்ணீர் இறங்கினபோது
கட்டின இடத்திலேயே கிடந்தது.
முடிச்சு கொஞ்சமும் இளகவில்லை.
மனுசன் அந்த முடிச்சையே பார்த்துக்கொண்டு நின்றார்.
பால் புத்தகத்தில் அவர் வீட்டுப் பக்கத்தை
இன்னும் நான் கிழிக்கவில்லை.

ஆகவே வீடு வீடாக இறங்குகிறேன்.
எந்தக் கொட்டிலில் எந்தக் கன்று என்று
எனக்குத் தெரிந்தமாதிரி
கிராம சேவகருக்கும் தெரியாது.
இருபது கன்று.
அவிழ்த்த கயிற்றை அங்கே விடுவதில்லை,
மனம் மாறித் திரும்பக் கட்டிவிடுவார்கள்.
சுருட்டிக் கேனுக்குள் போடுகிறேன்.

மதுராங்கி வாசலில் நின்றாள்,
எட்டு மாத வயிற்றில் கை வைத்து.
"நான் வரல்ல அக்கா. நீங்க போங்க."
படலையடிக்குத் தண்ணீர் வந்துவிட்டது.
அவள் அதைப் பார்க்கவில்லை.
"நாளைக்கு வியாழன். லோன்காரன் வருவான்.
நான் இல்லாட்டி மத்த நாலு பேர்தான் என்ர காசக் கட்டணும்."

இந்தக் கயிறு எந்தக் கட்டையில் என்று
அப்போதுதான் விளங்கியது.
அதை அவிழ்க்க ஒலிபெருக்கியில் சொல் இல்லை.
"புத்தகத்தையும் பையில போடு கா.
அவனும் பாலத்தாலதானே வரவேணும்?
நீந்தி வாறானா பாப்பம்."
அழுகிற முகத்தோடேயே சிரித்தாள்.
காணிப் பேமிட்டுக்கு மேல் அந்தச் சிவப்புப் புத்தகம்.
தண்ணீர் புகுந்தால் அதற்குள் மட்டும் புகட்டும் என்று
நினைத்தேன். சொல்லவில்லை.
ஓடிப்போய்க் கடைசி மிசினை மறித்துக் கூட்டி வந்தேன்.
பெட்டியில் அவளை ஏற்றும்போது
சில்லுப் பாதி வெள்ளத்துக்குள்.

இரவு, கிரான் பள்ளிக்கூட மண்டபம்.
ஆட்களை எண்ணி முடித்துவிட்டார்கள். சரி.
நான் மூலையில் கேனைக் கவிழ்த்துக்
கயிறு எண்ணினேன். பத்தொன்பது.
திரும்ப எண்ணினேன்.
ஒவ்வொரு கொட்டிலாக மனதுக்குள் போய்
ஒவ்வொரு கட்டையையும் தடவிப் பார்த்தேன்.
பத்தொன்பது.
வெளியே தகரத்தில் மழை கொட்டுகிறது.
ஓர் இடத்தில் அந்தக் கயிறு இப்போது இறுகிக்கொண்டிருக்கும்.

மதுராங்கி பாயில் புரண்டு பார்த்தாள்.
"எங்கட கயிறு அதுக்குள்ள இரிக்காது அக்கா.
நனைஞ்ச முடிச்சு, அவிழ மாட்டன் எண்டிச்சு.
நீங்க மிசின் புடிக்கப் போன நேரம்
மீன் வெட்டுற கத்தியால அறுத்திட்டன்."

தாளை எடுத்தேன். ஓரமெல்லாம் ஊறிக் கிழிகிறது.
பன்னிரண்டுக்குக் கீழே பென்சிலால் எழுதினேன்:
கத்தி.
கை எட்டுகிற இடத்தில்.